இருமுடி லிஸ்டைக் கொஞ்சம் திருத்தி எழுதுங்கள்: தமிழ்நாட்டுக் குருசாமிமார்களுக்குக் குமுளியிலிருந்து ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குருசாமிமார்களுக்கு,

சாமி சரணம்.

கம்பம், கூடலூர் தாண்டி, லோயர் கேம்ப்பில் மலையேறி, சோதனைச்சாவடியைக் கடந்ததும் நீங்கள் வண்டியை ஓரம் கட்டி டீ குடிப்பீர்களே, அந்தக் குமுளியில் இருந்து எழுதுகிறேன். ஏலத்தோட்ட வேலைக்கு வந்து இங்கேயே தங்கிப்போன தமிழ்க் குடும்பம் எங்களுடையது. நான் ஹரித கர்ம சேனாவில் வேலை பார்க்கிறேன். கேரளத்தில் பஞ்சாயத்துக்குப் பஞ்சாயத்து வீடு வீடாகப் போய் மக்காத குப்பையை வாங்கிவரும் பெண்கள் குழு அது. பச்சைக் கோட்டும் கையுறையும் போட்டுக்கொண்டு சாக்கு மூட்டையோடு நடந்து போகிறவர்களை நீங்கள் வண்டியில் இருந்து பார்த்திருப்பீர்கள்.

சபரிமலைக்கு வரும் எல்லாச் சாமிகளுக்கும் பொதுவாக எழுதாமல் உங்களுக்கு எழுதக் காரணம் இருக்கிறது. மாலை போட்ட நாளில் இருந்து ஒரு மண்டலம் உங்கள் வாக்குக்கு மறுவாக்கு கிடையாது. செருப்பு வேண்டாம் என்றால் கொதிக்கிற தார்ரோட்டிலும் வெறுங்காலோடு நடக்கிறார்கள். விடியக்காலையில் பச்சைத்தண்ணீரில் குளி என்றால் மார்கழிக் குளிரிலும் குளிக்கிறார்கள். வருஷம் முழுக்கக் குடியை விட முடியாதவர்கூட உங்கள் கையால் மாலை வாங்கிய பிறகு அந்தக் கடைப் பக்கம் திரும்புவதில்லை. போலீஸும் கலெக்டரும் அபராதம் போட்டும் வராத ஒழுங்கு உங்கள் ஒரு பார்வையில் வந்துவிடுகிறது. அந்தச் செல்வாக்கை மலைக்கும் ஆற்றுக்கும் கொஞ்சம் தரச் சொல்லித்தான் கேட்கிறேன்.

கேட்பது சின்ன விஷயம். மாலை போடும் அன்று நீங்கள் சாமிமார்களுக்கு, தலையில் சுமக்கும் இருமுடிக்கட்டுக்கான சாமான் லிஸ்ட் ஒன்று எழுதிக் கொடுப்பீர்கள் அல்லவா? வரும் கார்த்திகைக்கு முன்னால் அந்த லிஸ்டை ஒருமுறை திருத்தி எழுதுங்கள்.

சீசனில் எங்களிடம் வந்து சேரும் சாக்குகளில் என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். சாதாரண நாளில் வீடுகளில் இருந்து வரும் சாக்கைத் திறந்தால் பால் கவர், எண்ணெய்க் கவர், பிஸ்கட் தாள், பழைய செருப்பு இருக்கும். கழுவிக் காயவைத்துத் தரச் சொல்லிப் பழக்கியிருக்கிறோம், பெரும்பாலான வீட்டில் தருகிறார்கள். கார்த்திகை பிறந்ததும் ரோட்டோரத்தில் இருந்து வரும் சாக்கு வேறு மாதிரி. விரல் நீளத்துக்குப் பன்னீர் பாட்டில்கள், மூடி தனி, பாட்டில் தனி. மஞ்சள்தூள், குங்குமம், விபூதி, சந்தனம், அவல், பொரி, கற்கண்டு, திராட்சை, பேரீச்சம்பழம், தேன் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு குட்டிப் பாக்கெட். கற்பூரம் வில்லைக்கு வில்லை தனித்தனிக் கண்ணாடித்தாளில் சுற்றி, அதை ஒரு டப்பாவில் போட்டு, அந்த டப்பாவின் மேல் இன்னொரு தாள். ஊதுபத்தி உறைக்குள் இன்னொரு உறை. இவை எல்லாவற்றையும் சேர்த்து அடைத்த பெரிய கவரில் ஐயப்பன் படம் அச்சடித்திருக்கும். கடையில் ‘இருமுடி செட்’ என்று விற்கிறார்களே, அதுதான். சாமி படம் போட்ட கவர் சாக்கடை ஓரத்தில் மிதிபட்டுக் கிடப்பதைக் குனிந்து எடுக்கும்போது எங்களோடு வேலை செய்யும் அக்கா ஒருவர் ஒவ்வொரு முறையும் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் சாக்கில் போடுவார்.

தண்ணீர் பாட்டிலைத் தரம் பிரித்தால் விலைக்கு எடுக்க ஆள் உண்டு. இந்தக் குட்டிப் பாக்கெட்டுகளை யாரும் எடுப்பதில்லை. உள்ளே வெள்ளியாகவும் வெளியே வண்ணமாகவும் பல படலம் ஒட்டிச் செய்த தாள் அது, உருக்கி வேறு பொருளாக்க வழியில்லை. சிமென்ட் ஆலையில் எரிபொருளாக எரிக்கத்தான் அனுப்ப முடியும், அதற்கும் காய்ந்து சுத்தமாக இருக்க வேண்டும். நெய் பவுச் என்றால் எறும்பும் மண்ணும் அப்பிக் கையில் பிசுபிசுக்கும். சோறு ஒட்டிய தட்டு இரண்டாம் நாளே புழு வைத்துவிடும். எங்கள் கைக்கு வந்து சேர்வது ரோட்டோரத்துக் குப்பை மட்டும்தான். காட்டுக்குள் விழுந்தது விழுந்த இடத்திலேயே கிடக்கிறது.

அந்தக் காடு யாருடையது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஐயப்பனின் பூங்காவனம் என்று சரணம் விளிக்கிறீர்கள். சபரிமலை இருப்பது 925 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள். வண்டிப்பெரியாறில் இருந்து சத்திரம் போய், புல்லுமேடு வழியாக நடக்கிறவர்களுக்குச் சன்னிதானம் வரை 12 கிலோமீட்டர் புல்வெளியும் சோலையும்தான். யானைக்கூட்டம் நடமாடும் வழி அது. உப்பும் எண்ணெயும் வாசனை வீசும் கவரை மானும் யானையும் கவரோடு சேர்த்துத் தின்றுவிடுகின்றன. யானைச் சாணத்தில் பிளாஸ்டிக் தாள் கிடப்பதைக் காட்டுக்குள் போகும் வாட்சர்கள் எங்களிடம் சொல்லி வருத்தப்படுவார்கள்.

அந்த மலையில் ஒரு சரிவில் பெய்யும் மழை பம்பைக்கு இறங்குகிறது. இன்னொரு சரிவில் பெய்வது பெரியாற்றிலும் முல்லையாற்றிலும் சேர்ந்து தேக்கடி ஏரிக்கு வருகிறது. 1895இல் பென்னிகுயிக் கட்டி முடித்த முல்லைப்பெரியாறு அணையின் நீர்த்தேக்கம்தான் அந்த ஏரி. அங்கிருந்து சுரங்கம் வழியாக மலையைக் குடைந்து, ராட்சசக் குழாய்களில் லோயர் கேம்ப்புக்கு இறங்கி, மின்சாரமாகி, கம்பம் பள்ளத்தாக்கின் நெல்லுக்கும் வாழைக்கும் பாய்ந்து, வைகை அணை சேர்ந்து, மதுரைக்கும் சிவகங்கைக்கும் ராமநாதபுரத்துக்கும் போகிற தண்ணீர் இது. நீங்கள் ஊரில் இருமுடிக்கட்டு நிறைக்கும் முன் குளிக்கிற தண்ணீரே எங்கள் மலையில் இருந்து வந்ததாக இருக்கலாம். இங்கே குப்பை போடுவது யாரோ கேரளத்துக்காரர் நிலத்தில் போடுவதாக யாராவது நினைத்தால், அந்த ஏரியையும் குழாயையும் ஒருமுறை காட்டுங்கள்.

சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடவும் முடியவில்லை. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரியில் தடை வந்தது, கேரளத்தில் 2020 ஜனவரியில். 2022 ஜூலை 1 முதல் நாடு முழுக்க வந்த தடைப் பட்டியலில் பிளாஸ்டிக் தட்டு, டம்ளர், ஸ்பூன், உறிஞ்சுகுழல், காது குடையும் குச்சி எல்லாம் உண்டு. குட்டிப் பாக்கெட் அதில் இல்லை. சோதனைச்சாவடியில் கேரிபேக்கைப் பிடுங்கிக்கொள்வார்கள். முடிச்சுப் போட்டு, சரணம் சொல்லி, தலையில் ஏற்றிய இருமுடியை அவிழ்த்துப் பார்க்க எந்த அதிகாரிக்கும் மனசு வராது, வரவும் கூடாது. அதனால்தான் அதற்குள் என்ன போகிறது என்பது முழுக்க முழுக்க உங்கள் கையில் இருக்கிறது.

சம்பிரதாயம் கெட்டுவிடுமோ என்ற கவலை வேண்டாம். 2024இல் சபரிமலையின் தலைமைப் பூசகரான தந்திரியே, கோயிலை நிர்வகிக்கும் தேவசம் போர்டுக்கு எழுதியிருந்தார். கற்பூரமும் ஊதுபத்தியும் பன்னீரும் இருமுடியில் வேண்டாம், அவை பெரும்பாலும் பயன்படாமல் குப்பையாகத்தான் போகின்றன என்பது அவர் சொன்னதன் சாரம். முன்கட்டில் பச்சரிசி, நெய்த்தேங்காய், வெல்லம், கதலிப்பழம், வெற்றிலை பாக்கு, காணிக்கைக் காசு, பின்கட்டில் கொஞ்சம் அரிசி, இவ்வளவு போதும் என்றார். தேவசம் போர்டும் அதை ஏற்றுச் சுற்றறிக்கை விட்டது. நாள்கணக்கில் நடந்து வந்து வழியில் சமைத்துச் சாப்பிட்ட காலத்தில் பின்கட்டுக்கு ஒரு தேவை இருந்தது. இன்றைக்கு வழி நெடுக அன்னதானம் நடக்கிறது.

ஐம்பது வயது கடந்த பிறகு மாளிகைப்புறமாக, அதாவது பெண் சாமியாக, மாலை போட்டு நானும் மலைக்குப் போய்வந்திருக்கிறேன். எங்கள் குருசாமி, கம்பத்தில் மளிகைக்கடை வைத்திருப்பவர், கட்டு நிறைத்ததைப் பார்த்ததால்தான் இவ்வளவு தைரியமாக உங்களிடம் கேட்கிறேன். அவர் யாரையும் செட் வாங்க விடவில்லை. ஒரு தாம்பாளத்தில் அரிசி, ஒன்றில் மஞ்சள், ஒன்றில் வெல்லம் என்று பொதுவாகக் கொட்டி வைத்திருந்தார். நெய் ஊரிலேயே வெண்ணெய் வாங்கிக் காய்ச்சியது, பெரிய தூக்குவாளியில் இருந்தது. தேங்காய்க் கண்ணைத் துளைத்து, தண்ணீரை வடித்து, சரணம் சொல்லிக்கொண்டே கரண்டியால் ஒவ்வொருவர் தேங்காயிலும் நெய் ஊற்றித் தக்கையால் அடைத்தார். மஞ்சளையும் விபூதியையும் கைக்குட்டை அளவு காடாத்துணியில் முடிந்து தந்தார். அந்தத் துணியைத் துவைத்துத் திரும்பக் கொண்டுவந்து தரணும் என்பது அவர் கண்டிப்பு. கட்டு நிறைத்து முடிந்தபின் கூடத்தைப் பெருக்கினார்கள். சிந்திய அரிசியும் தேங்காய் நாரும்தான் முறத்தில் வந்தன.

மழையில் நனைந்துவிடும், அதற்குத்தான் பிளாஸ்டிக் என்று சிலர் சொல்வார்கள். நியாயமான கேள்விதான். கார்த்திகை மழை இந்த மலையில் எப்படிப் பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். நனையக் கூடாததை மட்டும் ஒரு சின்ன எவர்சில்வர் சம்படத்தில் போட்டு முடியுங்கள். ஒருமுறை வாங்கினால் பதினெட்டாம் வருஷ யாத்திரையில் தென்னங்கன்று வைக்கும் வரைக்கும் அதே சம்படம் வரும்.

அடுத்தது தட்டும் டம்ளரும். ரோட்டோரம் அடுப்பு மூட்டிச் சமைத்துச் சாப்பிடும் குழுக்கள் போனபின் அந்த இடத்தைப் பார்த்தால் மனசு கனத்துப்போகும். பச்சைச் சாயம் பூசின பேப்பர் இலை குவிந்து கிடக்கும். வழுவழுப்பாகப் பிளாஸ்டிக் பூச்சு இருப்பதால் அது மக்குவதில்லை. இதில் எனக்குத் தாங்கமுடியாத விஷயம், சின்னமனூரில் இருந்து கம்பம் வரை இரண்டு பக்கமும் வாழைத்தோட்டத்தைப் பார்த்துக்கொண்டேதான் அந்தப் பேப்பர் இலைகளை வண்டியில் ஏற்றி வருகிறீர்கள். வழியில் இறங்கி ஒரு கட்டு வாழையிலை வாங்கினால் விவசாயிக்கும் நாலு காசு. சாப்பிட்டபின் அந்த இலையைக்கூட காட்டோரம் எறியாதீர்கள். சோற்று வாசனைக்குப் பன்றி வரும், அதன் பின்னால் மற்றதும் வரும். ஒரு சாக்கில் போட்டு எடுத்துப்போய் ஊரில் எருக்குழியில் கொட்டுங்கள்.

தண்ணீருக்கு வண்டியில் இருபது லிட்டர் கேன் வைத்துக்கொண்டு, ஆளுக்கொரு எவர்சில்வர் டம்ளர் தோள்பையில் வைக்கச் சொன்னால் போதும். பம்பையில் இருந்து மேலே ஏறும் வழியில் சுக்கும் வெட்டிவேரும் பதிமுகக் கட்டையும் போட்டுக் கொதித்த இளஞ்சிவப்புத் தண்ணீரைத் தேவசம் போர்டே இலவசமாகத் தருகிறது. ஏற்றத்தில் மூச்சு வாங்கும்போது அதைவிட இதமானது எதுவும் இல்லை. குமுளி டீக்கடைகளிலும் டம்ளரை நீட்டினால் சந்தோஷமாக ஊற்றித் தருவார்கள், பேப்பர் கப் காசு அவர்களுக்கு மிச்சம்.

மலைப்பாதையில் குரங்குகளுக்குப் பிஸ்கட்டும் பழமும் எறிவதையும் நிறுத்தச் சொல்லுங்கள். புண்ணியம் என்று நினைத்துச் செய்கிறார்கள், தெரியும். வளைவுகளில் வண்டிச் சத்தம் கேட்டதும் குட்டியைக் கட்டிக்கொண்டு ரோட்டுக்கு ஓடிவரும் தாய்க்குரங்கு, பின்னால் வரும் லாரியைப் பார்ப்பதில்லை. பிஸ்கட் தாளையும் சேர்த்தே கடித்து மெல்லும். அவற்றுக்கு வேண்டியது காட்டில் இருக்கிறது.

பம்பையைப் பற்றி எழுதாமல் இந்த மடலை முடிக்க முடியாது. குளித்தபின் கட்டியிருந்த கறுப்பு வேட்டியை ஆற்றோடு விட்டால் பாவம் கழியும் என்று எப்போது யார் சொன்னார்களோ, அப்படி ஒரு சடங்கே கிடையாது என்று கோயில் தரப்பில் எத்தனையோ முறை சொல்லியாயிற்று. துணி எறியக் கூடாது என்று கேரள உயர்நீதிமன்றமும் உத்தரவு போட்டிருக்கிறது. வேதிப்பொருள் கலந்த குங்குமத்தையும் ஷாம்பு பாக்கெட்டையும் எருமேலியிலும் பம்பையிலும் சன்னிதானத்திலும் விற்கக் கூடாது என்று 2025இல் அதே நீதிமன்றம் தடை விதித்தது. பம்பை அங்கேயே நின்றுவிடும் தீர்த்தக்குளம் இல்லை. 176 கிலோமீட்டர் ஓடி, குட்டநாட்டு வயல்களுக்குப் பாய்ந்து, வேம்பநாட்டுக் காயலில் கலக்கிற ஆறு. கீழே எத்தனையோ ஊர்கள் அதைத்தான் குடிக்கின்றன. சீசனில் ஊறிப்போன வேட்டியைக் கரையில் இழுத்துப் போடுகிற ஆட்களைப் பார்த்திருக்கிறேன். இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, கல்லிடுக்கில் சிக்கியதைக் காலால் துழாவி எடுக்கிறார்கள். தண்ணீர் குடித்த வேட்டி ஒன்றைத் தூக்கவே இரண்டு கை வேண்டும். உங்கள் குழுவில் யாரும் துணியை ஆற்றில் விடக் கூடாது என்று கட்டு நிறைக்கும் அன்றே சத்தியம் வாங்கிவிடுங்கள். அடுத்த வருஷம் அதே வேட்டியைக் கட்டலாம். புதிதாக மாலை போடும் ஏழைச் சாமிக்குத் துவைத்துக் கொடுக்கலாம். குளிக்கும்போது சோப்பும் வேண்டாம், மூன்று முழுக்குப் போதும்.

முதன்முறை மலைக்குப் போகும் கன்னிச்சாமிகளுக்காக ஊரில் நடக்கும் கன்னி பூஜையிலும் உங்கள் சொல்தான் நடக்கும். அன்னதானத்துக்கு வாழையிலை, குடிக்கச் செம்பு, வாசலில் ஃப்ளெக்ஸுக்குப் பதில் மாவிலைத் தோரணம். இதற்கு மேல் அங்கே நான் சொல்ல ஒன்றுமில்லை.

நாற்பது பேர் உள்ள ஒரு குழு மாறினால் லட்சக்கணக்கில் வருகிற கூட்டத்தில் என்ன தெரியப்போகிறது என்று கேட்கலாம். சாக்கைத் தூக்கிப் பார்க்கிற எனக்குத் தெரியும். ஆளுக்குப் பத்துப் பன்னிரண்டு பாக்கெட் என்றால் ஒரு குழுவுக்கு மட்டும் நானூறுக்கு மேல். அதை ஒவ்வொன்றாகக் குனிந்து எடுக்க வேண்டும். உங்கள் ஒரு வண்டி சுத்தமாக வந்து சுத்தமாகத் திரும்பினால் எங்களில் ஒருத்தியின் ஒரு சாயங்காலம் மிச்சம். அதோடு, இன்று உங்களிடம் கன்னிச்சாமியாக இருப்பவர் நாளைக்குக் குருசாமி ஆகப்போகிறவர். நீங்கள் எப்படிக் கட்டு நிறைத்தீர்களோ அப்படித்தான் அவரும் நிறைப்பார்.

கேரள அரசு குப்பைத்தொட்டி வைக்கட்டுமே என்றும் கேட்கிறார்கள். வைக்க வேண்டும், போதவில்லை, நாங்களும் பஞ்சாயத்துக் கூட்டத்தில் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். ஆனால் காட்டுவழி முழுக்கத் தொட்டி வைக்க முடியாது. வைத்தால் அதையும் யானை கவிழ்த்துவிடும். இங்கே தேக்கடியில் வசந்த சேனா என்று ஒரு பெண்கள் குழு இருக்கிறது. 2002இல் இருந்து கூலி வாங்காமல் முறைபோட்டுக் காட்டுக்குள் போய்ச் சந்தன மரங்களைக் காவல் காக்கிறார்கள். அடுப்பு வேலையை முடித்துவிட்டு, யானை நிற்கும் காட்டுக்குள் நடக்கிற அந்தப் பெண்களை நினைத்தால், அரசாங்கம் வரட்டும் என்று காத்திருக்க எனக்கு மனசு வருவதில்லை.

இன்னொரு விஷயம், இது கொஞ்சம் அவசரமானது. இருமுடி செட்டுக்கான சரக்கை ஐப்பசிக்கு முன்னாலேயே கடைக்காரர்கள் எடுத்துவிடுகிறார்கள். எடுத்தபின் சொன்னால் அவர்களுக்கு நஷ்டம், உங்கள் பேச்சைக் கேட்க மாட்டார்கள். அதனால் புரட்டாசியிலேயே உங்கள் ஊர் பூஜைச் சாமான் கடைக்குப் போய், இந்த வருஷம் எங்கள் குழுவுக்குச் செட் வேண்டாம், மஞ்சளும் வெல்லமும் சில்லறையாக நிறுத்துக் கொடுங்கள், ஒரு பீஸ் காடாத்துணி எடுத்து வையுங்கள் என்று சொல்லிவிடுங்கள். திருத்தி எழுதிய லிஸ்டை மற்ற குருசாமிமார்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். குமுளி வழியாகத் திரும்பும்போது உங்கள் வண்டியில் காலி பாட்டிலோ கவரோ இருந்தால், காய்ந்ததாக ஒரு பையில் கட்டி, பச்சைக் கோட்டுப் போட்ட எங்களில் யாரிடமாவது கொடுங்கள். மறுக்காமல் வாங்கிக்கொள்கிறோம்.

சாமியே சரணம் ஐயப்பா.

இப்படிக்கு,
ஹரித கர்ம சேனா ஊழியை ஒருத்தி,
குமுளி, இடுக்கி மாவட்டம்